மாப்பிள்ளை மெர்சிங்கில், நான் குளுவாங் கோர்ட்டில்

பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு அசையவில்லை.

சபையாரே, அன்றைக்கு நான் எந்தக் குற்றமும் செய்யவில்லை. என் தங்கை மேரியின் புருஷன் டேவிட், சாப்பாட்டுக் கடைச் சண்டையில் ஒருவர் மண்டையை உடைத்ததாக வழக்கு. அவனுக்கு ஜாமீன் நின்றவன் நான். ஒவ்வொரு தவணைக்கும் அவன் வருவான் என்று என்னை நம்பித்தான் வெளியே விட்டார்கள். இந்த வயதில் என்னை நம்பிய முதல் ஆள் அரசாங்கம்தான். அதற்கும் இந்தக் கதி.

டேவிட்டின் வக்கீலம்மா என்னை வெளியே இழுத்து வந்தார்.

“அங்கிள், வாரண்ட் போட்டாச்சு. எந்த ரோட்பிளாக்ல மாட்டினாலும் பிடிச்சிருவாங்க. ஜாமீனை ரத்து பண்ணிட்டா, கேஸ் முடியிற வரைக்கும் உள்ளதான். நீங்க கட்டின பணமும் போயிரும். அவரு ஏன் வரலன்னு நீங்களும் பதில் சொல்லணும்.”

“எனக்கே தெரியலையே லா!”

“இன்னிக்கே அவரா வந்து நின்னா கேட்டுப் பார்க்கலாம். எங்க இருந்தாலும் கூட்டிட்டு வாங்க.”

மேரிக்கு அப்போது நிறைமாதம். பிள்ளை பிறக்கும்போது அப்பன் கம்பிக்குப் பின்னால் இருப்பானோ என்று நினைத்தபோது பணம்கூட மறந்துபோனது. மேரிக்குப் போன் செய்தேன்.

“அண்ணே, அவரு விடியக்காலையிலயே மெர்சிங்குக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரு. போன் இங்க சார்ஜ்ல கெடக்கு.”

“இன்னிக்குக் கோர்ட்டும்மா!”

“வெள்ளிக்கிழமை ஏதுண்ணே கோர்ட்டு? தேதிய தப்பா எழுதிட்டாங்கன்னாரு.”

அலமாக்! பல வருடம் எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் அரசாங்க விடுமுறை. அதை சனி, ஞாயிறாக மாற்றியாகிவிட்டது. டேவிட்டுக்கும் அது தெரியும். ஆனால் வெள்ளி என்றால் ஆபீஸ் பூட்டியிருக்கும் என்பது அவன் உடம்பில் ஊறிப்போயிருந்தது. கோர்ட்டு தப்பு, தான் சரி என்று முடிவு செய்துவிட்டுத் தூண்டிலை எடுத்திருக்கிறான்.

மெர்சிங் போகும் வழியெல்லாம் ஜெபித்தேன். சபையில் ஜெபிக்கிற மாதிரி அழகாக இல்லை. “ஆண்டவரே, அந்தக் கழுதை கடலுக்குப் போகாமல் பிடித்து வையும். உதைக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.” திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னேன். நடுவில் அழுகையும் வந்தது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது ஆண்டவர்மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் பொறுத்துக்கொண்டார்.

படகுத்துறையில் மற்ற மீன்பிடிப் படகுகள் எல்லாம் போய்விட்டன. ஒரே ஒரு படகு நின்றது. என்ஜின் பிடிக்கவில்லை. படகுக்காரர் வியர்த்து ஊற்ற அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டபடி என் மாப்பிள்ளை.

“மச்சான்! நீங்களும் மீன் பிடிக்கவா?”

“ஆமாடா, ஒரு மடச்சுறாவ. வண்டியில ஏறு!”

விஷயத்தைச் சொன்னதும் பொட்டலம் கையிலிருந்து விழுந்தது. அவன் காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது, அந்த என்ஜின் உறுமியது. திரும்பிப் பார்த்தான்.

“மச்சான்…”

“வாயத் தொறந்த, நானே போலீஸக் கூப்பிடுவேன்.”

வெள்ளித் தொழுகைக்காக அன்று மதிய இடைவேளை நீளம். கோர்ட்டு மறுபடி கூடியபோது டேவிட் கூண்டில் நின்றான். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். பின்வரிசையில் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவனைக் கண்டித்தார், என்னையும் கண்டித்தார். பிறகு வாரண்ட்டை ரத்து செய்தார். ஜாமீன் நிலைத்தது. அடுத்த முறை வராவிட்டால் பேச்சே கிடையாது என்றார். எனக்கு மூச்சு வந்தது.

சில நாளில் மேரிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிப் போனது டேவிட். பெண் குழந்தை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவன் தேம்பினான். முதல் தடவையாக, “மச்சான், ஜெபம் பண்ணுவோமா?” என்று கேட்டான். நான்தான் வார்த்தை வராமல் திணறினேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எதுவானாலும் ஓடாமல் போய் நிற்போம் என்று அவனே சொல்கிறான். தவணைக்கு முதல் நாள் என் வீட்டில் வந்து படுக்கிறான். குறட்டை தாங்கவில்லை; அதற்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். கோபத்தோடேயே கேளுங்கள், அவனைத் தேடிப் புறப்பட்டுக்கொண்டே கேளுங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை அவனைப் பிடித்து வைக்க ஆண்டவருக்குத் தெரியும்.