ஈசான மூலைக்குத் திரும்பிய குளியல் தட்டு

மீள்குடியேறி மன்னார் உயிலங்குளத்துக்கு வந்த புதிதில் என் மனிசனுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தானே குளிக்கவேண்டும். மிதிவெடி ஒரு காலைக் கொண்டுபோன பிறகு, கிணற்றடியில் கதிரை போட்டு இருத்தி நான்தான் தண்ணீர் வார்த்துவந்தேன். தெருவால் போகிறவர்கள் சும்மா போகமாட்டார்கள். "என்ன, முழுக்கோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

கொழும்பிலிருந்து என் தம்பி, ஷவருக்குக் கீழே பதிக்கும் பைபர் தட்டொன்றை அனுப்பினான். மூன்று பக்கமும் விளிம்பு உயரம். ஒரு பக்கம் மட்டும் தரையோடு தரை, ஊன்றுகோலோடு போவதற்கென்றே செய்தது. தண்ணீர் போகும் ஓட்டை ஒரு மூலையில்.

வந்தது வினை. இவருடைய தாய்மாமன், ஊரில் யார் வீடு கட்டினாலும் மனைசாத்திரம் பார்த்து நிலையம் எடுத்துக் கொடுப்பவர், திசைகாட்டியோடு வந்து இறங்கினார். தண்ணீர் ஈசான மூலைக்குத்தான் ஓடவேண்டுமாம். இல்லாவிட்டால் குடும்பத் தலைவனுக்குக் கெடுதலாம். அவர் சாத்திரப்படி கட்டிய சொந்த வீட்டிலேயே, நாங்கள் திரும்பி வந்தபோது நின்றது ஒரு சுவர்தான். ஷெல் அடித்தவன் திசை பார்த்து அடிக்கவில்லைப் போலும். மாமன் சொல்லுக்கு மறுசொல் சொல்வது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. வழக்கமாம், மண்ணாங்கட்டி!

வீட்டோடு கட்டிய புதுக் குளியலறையில் மேசன் அவர் சொன்னபடியே தட்டைத் திருப்பி, அடியில் வெறும் மணலைக் கொட்டிப் பதித்துவிட்டுப் போனார். ஓட்டை ஈசானத்துக்கு வந்தது. உயர்ந்த விளிம்பு வாசலுக்கு வந்தது. மாமா தேங்காய் உடைத்தார். அவருக்கென்ன, இரண்டு காலும் சுகம்.

முதல் நாளே ஊன்றுகோல் விளிம்பில் தடக்கி, இவர் தட்டுக்குள் தொப்பென்று விழுந்தார். மணல் ஒதுங்கிய இடத்தில் தட்டில் வெடிப்பு விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். அடி பலமில்லை.

"விடு. இனிக் கிணத்தடியிலயே ஊத்து," என்றார்.

விடிந்ததும் அலவாங்கை எடுத்து நெம்பித் தட்டைக் கிளப்பினேன். பேசாலைப் பக்கம் பைபர் வள்ளம் ஒட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வள்ளத்துக்கு ஒட்டுவதுபோலவே வெடிப்பை ஒட்டினார். அடிக்குச் சாந்து குழைத்துப் போட்டு, பைப்பை மாற்றிப் பூட்டி, தாழ்ந்த பக்கம் வாசலுக்கு வர இருத்தினோம். மாமா வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் தெற்கே போகிறதே என்று குதித்தார்.

"ஐயா, எங்கட வள்ளம் எந்தத் திசைக்கும் போகும். தண்ணி உள்ளுக்க வராட்டிச் சரி," என்றார் வள்ளக்காரர்.

மாமா என்னை முறைத்தார். வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

"அவருக்கு வரவேண்டிய கெடுதல் எல்லாம் வந்து முடிஞ்சுது மாமா. நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

சாந்து இறுகியதும் இவர் ஊன்றுகோலோடு தடக்காமல் உள்ளே போனார். பழக்கதோஷத்தில் நானும் வாளியோடு பின்னால் போய் நின்றேன்.

"நீ ஏன் நிக்கிறாய்? கதவைச் சாத்திப்போட்டுப் போ."

சாத்தினேன். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கட்டின புருசன் வெளியே போ என்றதற்குச் சந்தோசத்தில் அழுதவள் இந்த மன்னாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.