ஆப்பிள் சைடர் பொங்கிய அன்று

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, அந்தமானின் ஹட் பேயில், கால் ஒடிந்து வீட்டில் தனியாகக் கிடந்தேன். பொழுது போகாமல், கப்பலில் அடிபட்டு வந்த ஆப்பிள்களைப் பிழிந்து ஜாடியில் சைடர் என்னும் பழமது ஊறவைத்தேன். ஐந்தாம் நாள் அடுப்பே இல்லாமல் நுரைத்து வழிந்தது. குஷியில் எதிர்வீட்டு நண்பனுக்குக் குரல் கொடுத்தேன்.

"டேய், தண்ணி பொங்குது, ஓடியா!"

தெருவே மேட்டை நோக்கி ஓடியது. வேலித் தகராறில் ஒரு வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் என் கதவை உதைத்துத் திறந்தார்.

"ஏறு தம்பி, முதுகுல!"

நான் வாய் திறப்பதற்குள் பாதி மேடு ஏறிவிட்டார். பிரமித்துப்போய்ச் சொன்னேன்.

"கடல் இல்லண்ணே. ஆப்பிள் தாரு. ஜாடியில சரக்குதான் பொங்குது."

"அரே! அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

இறக்கிவிட்டு, மூச்சிரைக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் நிஜமாகவே வந்து, என் காலும் நன்றாக இருந்திருந்தால், அவர் கதவை நான் தட்டியிருப்பேனா?