சந்திரகலா அக்கா எழுதாமல் விட்ட பக்கம்

எங்கள் மாடியில் என்னை வாயடைக்க வைத்த ஆள் ஒருவர்தான், எதிர்வீட்டுச் சந்திரகலா அக்கா. நான் காருக்குக் காப்புறுதி, அதாவது இன்ஷூரன்ஸ், விற்பவன். பேச்சுதான் எனக்குச் சோறு போடுகிறது. என்னையே, "பொறு ஜெயராஜ், இப்ப நீ சொன்னது தப்பு" என்று பாதியில் நிறுத்திவிடுவார். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நிர்வாகம் ஒட்டும் அறிவிப்பைக்கூடப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுவார்.

அவர் பார்த்த உத்தியோகமும் அப்படி. ஓர் அலுவலகத்தில், வெளியே போகிற கடிதங்களைப் படித்துப் பிழை பார்த்து அனுப்பும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கை மெல்பர்னில் இருக்கிறார். தங்கை பிள்ளைகள் பேசிய தமிழை அக்கா போனிலேயே திருத்தினார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் போனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டார், நானும் கேட்பதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குத் தொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலையில் கொமுட்டர் ரயில் ஏறுவார், மாலையில் வருவார். அங்கே எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த நாற்காலி என்று பார்த்துக்கொள்வது ஓர் இலவச மென்பொருள். பல நாட்டுக்காரர்கள் சம்பளம் வாங்காமல் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டது. நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரி எழுதிவைக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. அக்கா கேட்டதற்கு, "எங்களிடம் ஒரு விக்கி இருக்கிறது, நீங்களே எழுதலாமே" என்று பதில் வந்ததாம். விக்கி என்றால் அதில் யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இதைப் போயா எங்கள் அக்காவிடம் சொல்வது!

எழுதித் தள்ளினார். நோயாளியைப் பதிவு செய்வது, நேரம் ஒதுக்குவது, அட்டவணையை அச்செடுப்பது என்று பக்கம் பக்கமாக எழுதினார். எங்கெங்கோ இருக்கிற மையங்களில் அதைப் படித்துத்தான் வேலை நடக்கிறது என்றார். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் பெருமையாக இருந்தது.

மற்றவர்களும் எழுத வந்தார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து ரஞ்சன் என்று ஒருவர் அச்சு இயந்திரம் பற்றி ஒரு பக்கம் எழுதினார். மனிதர் அதைச் சேமித்துவிட்டு, பால் விடாத தே ஓ டீ ஒன்று குடித்து வருவதற்குள் அக்கா அதைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை மாற்றிவிட்டார். "நீங்களே எழுதிக்குங்க லா, சிஸ்டர்" என்று ஒரு வரி போட்டுவிட்டு ரஞ்சன் போனவர்தான். மணிலாவிலிருந்து ஒரு நர்ஸ் வந்தார், கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாணவன் வந்தான். எல்லாரும் ஒரு தடவைதான் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை மாவு கொடுக்கப் போனபோது அக்கா கணினியைத் திருப்பிக் காட்டினார். விக்கியில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரலாறு அப்படியே நிற்கும். மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர்.

"அக்கா, உங்க பேருக்கு அர்ச்சனை பண்ண மாதிரி இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை. "வாசல்ல பாரு ஜெயராஜ், எல்லாம் என் செருப்பாவே கிடக்கு" என்றார்.

எனக்கு வருத்தமாகிவிட்டது. அந்த வீட்டின் நிஜ வாசலிலும் ஒரே ஒரு ஜோடி செருப்புதான் எப்போதும் கிடக்கும்.

அன்றுதான் ஒரு சிவப்பு இணைப்பைப் பற்றிச் சொன்னார். விக்கியில் இன்னும் எழுதப்படாத பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். எழுதியாகிவிட்டால் நீலமாகிவிடும். அக்கா ஒரே ஒரு பக்கத்தை வேண்டுமென்றே எழுதாமல் சிவப்பாக விட்டிருந்தார். 'பண்டிகை வாரத்தில் நாற்காலி மாற்றிக்கொள்வது' என்பது அதன் தலைப்பு. நம் ஊர் மையங்களில் தீபாவளி வந்தால் சீன நோயாளிகள் தங்கள் நேரத்தை நம்மவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். சீனப் புத்தாண்டுக்கு நாம் விட்டுக்கொடுப்போம், மலாய்க்காரர்களின் ஹரி ராயாப் பெருநாளுக்கு இரண்டு பேருமே. மென்பொருளுக்கு இந்த வழக்கம் தெரியாது. நேரத்தை மாற்றினால், அது பாட்டுக்கு நோயாளியின் பழைய நேரத்தை அழித்துவிடும். அதை ஏமாற்றி வேலை வாங்கும் விதம் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே, எழுதிட வேண்டியதுதானே?"

"எல்லாத்தையும் நானே எழுதிட்டா, வர்றவங்களுக்கு என்ன இருக்கு?"

அந்தப் பக்கத்துக்குப் பல மாதம் யாரும் வரவில்லை. தினமும் மாலை ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அதைத்தான் திறந்து பார்ப்பார். திறந்த கதவு வழியாக எனக்குத் தெரியும். சிவப்பு என்றால் கணினியை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

பிறகு போலந்திலிருந்து மாரெக் எழுதினார். அந்த மென்பொருள் திட்டத்துக்குத் தலைவர் மாதிரி அவர். புதிய பதிப்பு வெளிவருமுன் விக்கியைச் சுத்தம் செய்யப்போகிறாராம். எழுதாத இணைப்புகளை எல்லாம் எடுத்துவிடுவார். 'உங்களுக்கு வேண்டுமானால் அடுத்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள்' என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

"ஒரு மத்தியான வேலைதானே அக்கா, எழுதித் தொலைங்களேன்" என்று நான் கத்தினேன். ஆற்றாமைதான். அந்த இணைப்பும் போய்விட்டால் அக்கா எதைத் திறந்து பார்ப்பார்?

"எழுதலாம். அதுலயும் என் பேருதான் நிக்கும்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் என் கதவைத் தட்டிய தட்டில், கேஸ் கசிகிறதோ என்று ஓடினேன். "நீலமாயிருச்சு, வந்து பாரு!"

காஜாங்கில் ஒரு மையத்து நர்ஸ், தாமரை என்று பெயர். எழுதிப் போட்டிருந்தாள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "'தீபாவளிக்கு எங்க மிஸ்டர் லிம் அவரோட சேர் குடுப்பாரு. ஜனவரியோ பிப்ரவரியோ, அவங்க புத்தாண்டுக்கு நாங்க திருப்பிக் குடுப்போம். மாறி உக்கார்றவங்க பேரை விருந்தாளின்னு புதுசாப் போடுங்க, பழைய நேரத்தைத் தொடாதீங்க.'" படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "நாங்களும் இப்படித்தான்டா செய்வோம்! அச்சு அசல் இதேதான்!"

முறை சரி. மற்றதெல்லாம் கோணல். கமா இல்லை, தலைப்பு இல்லை. கணினித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டிருந்தாள், அது வேறு பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அக்காவின் கை தானாகவே 'திருத்து' பொத்தானுக்குப் போனது.

"அக்கா, கைய எடுங்க" என்றேன்.

என்னை முறைத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கத்தின் பின்னால் பேசிக்கொள்வதற்கென்று இருக்கும் இடத்தில் மெதுவாக எழுதினார். 'நன்றி தாமரை. கிள்ளானிலும் இப்படித்தான். படம் மட்டும் படுத்திருக்கிறது. உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது நிமிர்த்துங்கள்.' அனுப்புவதற்கு முன், அவ்வளவு பெரிய ஆள், "கோபமா எழுதின மாதிரி இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன்.

மாரெக் சுத்தம் செய்தார். நீல இணைப்பு தப்பிவிட்டது. புதிய பதிப்பும் வந்துவிட்டது. தாமரையிடமிருந்துதான் பதில் இல்லை. நர்ஸ் வேலை, நேரம் கிடைத்திருக்காது என்று அக்கா சொல்கிறார். நானும் ஆமாம் என்கிறேன்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஒரு கிளிக் தானே? அந்தப் படத்தை நீங்களே நிமிர்த்திட்டா என்ன?"

"நிமிர்த்திட்டா, அந்தப் பொண்ணு திரும்பி வர்றதுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார்.

இப்போதும் மாலையில் அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. ரயிலிலிருந்து வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து, கழுத்தைச் சாய்த்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அக்கா சமைக்கப் போகிறார்.