அறுநூற்று நாற்பதாவது கிலோமீட்டர்

ஸ்பீடு அண்ணனை நான் முதலில் பார்த்தபோது அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. வண்டி விற்பனை நிலையத்தின் பின்பக்கம், இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காத ஒரு புது வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அடியிலிருந்து குரல் வந்தது.

“இதுல இருக்கிற ஆயில் எப்போ ஊத்தினது?”

பக்கத்தில் நான் மட்டும்தான் நின்றேன். சர்வீஸ் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு அது ஐந்தாவது மாதம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், அதுவும் மெக்கானிக்கல். எங்கள் ஊரில் பம்பு செட்டுக்கு எண்ணெய் மாற்றுவது என்றால், தீர்ந்துபோன பிறகு ஊற்றுவது என்று அர்த்தம். அங்கிருந்து வந்து, எந்த இன்ஜினுக்கு எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதனால் பதிலைக் கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

“கம்பெனியிலேயே ஊத்தி அனுப்புவாங்க சார். ஆயிரம் கிலோமீட்டர் இல்லேன்னா ஒரு மாசம், எது முதல்ல வருதோ அப்போ ஃபில்டரோட சேர்த்து மாத்துவோம். அப்புறம் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை.”

அவர் வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் ஒல்லி மனிதர். கண்கள் என்னைப் பார்க்காமல், நான் கையில் வைத்திருந்த கையேட்டைப் பார்த்தன.

“அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேனின் முன் இருக்கையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “டேய், வண்டி வாங்க வந்தியா, அதுக்கு வைத்தியம் பார்க்க வந்தியா? அந்தப் புள்ளைய விடுடா.”

அது அவருடைய அக்கா. அக்காவின் இடது முன்கையில் நரம்பு ஒன்று விரல் பருமனுக்குப் புடைத்து, வளைந்து கிடந்தது. டயாலிசிஸ் ஊசி குத்துகிற கை. இரண்டு சிறுநீரகமும் போய் ஆறு வருடம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதே நிலையில் இருந்த இன்னும் ஐந்து பேரையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதுதான் ஸ்பீடு அண்ணனின் தொழில். நாற்பதுக்கு மேல் போகவே மாட்டார் என்பதால் அந்தப் பெயர். வைத்தவர் அக்காதான்.

அவருடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அக்காதான் வண்டியை எடுக்க வந்த நாளில், ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி எனக்குச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் வேறொருவருடைய வேனை ஓட்டினார். எண்ணெய் மாற்ற வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் முதலாளி, “கலர் நல்லாத்தானே இருக்கு, அடுத்த மாசம் பார்ப்போம்” என்பார். ஒரு காலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலாளிக்குப் போன் செய்தால், “பக்கம்தானே, ஓட்டு” என்றார். ஓட்டினார். மேம்பாலத்தின் உச்சியில் இன்ஜின் ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே இறுகிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். ஒன்றே முக்கால் மணி நேரம். ஏற்கெனவே உடம்பில் நீர் கோத்திருந்த அக்காவுக்கு அது நெஞ்சில் ஏறிவிட்டது.

“தண்ணிக்குள்ள உட்கார்ந்து மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. இவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டு அழுதான் பாரு, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிக்கத்தான் மூச்சு இல்ல.”

அண்ணன் அந்தப் பக்கமே திரும்பாமல் டயர் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புது வேனை எடுத்துப் போன பிறகு, இரண்டு நாளுக்கு ஒரு முறை என் கவுன்டருக்கு வருவார். வேனில் வர மாட்டார். பஸ்ஸில் வருவார். வேன் சும்மா ஓடக்கூடாதாம். தினமும் காலையில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இன்ஜினிலிருந்து உருவி, எண்ணெயைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்து, மோந்து, ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிவைத்திருந்தார். ‘பொன்னிறம்.’ ‘டீ நிறம்.’ ‘டீ, கொஞ்சம் கடுமை.’

“நிறத்தை வச்சுச் சொல்ல முடியாது அண்ணே. அழுக்கைச் சுமக்கிறதுதான் அதோட வேலை. கறுத்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“கறுக்கலைன்னா?”

“அப்பவும் நல்லதுதான்.”

“எப்படிக் கேட்டாலும் நல்லதுன்னே சொல்றீங்களே சார்.” அவர் என் கையேட்டை விரலால் தட்டினார். “இதை அச்சடிச்சவன் எங்க அக்காவ ஏத்திட்டுப் போறானா?”

இருபத்திரண்டாவது நாள், அறுநூற்று நாற்பது கிலோமீட்டரில், கம்பியின் நுனியில் ஒரு மினுக்கம் கண்டார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் நிலையம் மூடியிருந்தது. செவ்வாய்க்கிழமை அக்காவை ஏற்ற வேண்டும். அவரால் பொறுக்க முடியவில்லை. கடையில் அதே எண்ணெயும் அதே ஃபில்டரும் வாங்கிவந்து, முன் சக்கரங்களை இரண்டு கான்கிரீட் கட்டைகள் மேல் ஏற்றி, வீட்டு வாசலில் தானே மாற்றிவிட்டார்.

திங்கட்கிழமை காலை, பஸ்ஸில், பழைய எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

“வெயில்ல காட்டுங்க சார்.”

காட்டினேன். எண்ணெய்க்குள் வெள்ளித் தூசி மாதிரி ஏதோ சுழன்று இறங்கியது. பட்டறைக்கு எடுத்துப்போய் எங்கள் தலைமை மெக்கானிக்கிடம் நீட்டினேன். உடம்பு பெருத்த மனிதர், எல்லோருக்கும் அவர் ‘குருவி’. குருவி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“புது இன்ஜின். உள்ளே ஒண்ணோட ஒண்ணு உரசிப் பழகுற வரைக்கும் கொஞ்சம் துகள் வரத்தான் செய்யும். முதல் எண்ணெயைச் சீக்கிரம் மாத்தச் சொல்றதே அதுக்குத்தான். பாட்டிலைப் பூஜை பண்ணாம கொட்டச் சொல்லு.”

வந்து அதையே சொன்னேன், என் சொந்தக் கண்டுபிடிப்பு போல. பிறகு கேட்டேன்: “ஃபில்டரும் மாத்திட்டீங்கள்ல?”

“மாத்திட்டேன். புது ரப்பர் வளையத்துல எண்ணெய் தடவி, கையாலதான் இறுக்கினேன். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அடியில பேப்பர் விரிச்சுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல.”

“அப்போ கவலையே படாதீங்க.”

பழைய ஃபில்டர் எங்கே, அதன் வளையம் அதிலேயே இருந்ததா என்று நான் கேட்கவில்லை. படித்த பையன் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐந்துக்கு போன் வந்தது. நான் அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

“சார். சிவப்பு லைட்டு.”

“இன்ஜினை ஆஃப் பண்ணுங்க!”

“எரிஞ்ச உடனே பண்ணிட்டேன். பின்னாடி ரோட்டுல கறுப்பா கோடு போட்டிருக்கு சார். நீளமா.” அவர் குரல் குழந்தையுடையது போல மெலிந்திருந்தது. “அதே பாலம் சார்.”

பின்னால் யாரோ ஒரு ஆண் கத்துவது கேட்டது. “நாலு கிலோமீட்டர்தானேப்பா! ஓட்டிடு! அரை மணி லேட்டானா படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க!” இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. “லைட்டைப் பார்க்காம ஓட்டுப்பா!” அப்புறம் அக்கா. “அவன் ஓட்ட மாட்டான். கத்தி மூச்சை வீணாக்காதீங்க.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

“சார், நான் என்ன பண்றது? போனதடவை ஓட்டினேன். இந்தத்தடவை நிறுத்தியிருக்கேன். ரெண்டுலயும் அக்கா இங்கேயேதான் இருக்கா.”

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. எனக்கு அப்போது படிப்பில் எதுவும் ஞாபகம் வரவில்லை. பத்தாயிரம், ஆயிரம், லிட்டர் கணக்கு எதுவும் இல்லை. “சாவியைத் தொடாதீங்க, வர்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் ஊழியர்களை ஏற்றிவரும் வேன் அந்த நேரத்தில் அந்தப் பக்கம்தான் வரும். ஓட்டுநருக்குப் போன் செய்து, ஆட்களை வழியிலேயே இறக்கிவிட்டுப் பாலத்துக்குப் போகச் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொல்கிறாய் என்றார். என்னைக் கேட்டுத்தான் என்றேன். பட்டறையில் எண்ணெயும் புது ஃபில்டரும் எடுத்துக்கொண்டு, குருவியை என் பைக்கின் பின்னால் உட்கார வைத்துப் போனேன். பைக்கின் பின் சக்கரம் பாதி அமுங்கிவிட்டது.

பாலத்தில் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. ஆறு பேரில் ஐந்து பேர் எங்கள் வேனுக்கு மாறியிருந்தார்கள். அக்கா முன் இருக்கையில் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி இறக்கினோம்.

“மெதுவாடா,” என்றார் அக்கா. “இதுல மட்டும் ஸ்பீடு.”

அண்ணன் சாவியை என் உள்ளங்கையில் அழுத்தினார். “நீங்களே பாருங்க சார். செத்திருந்தா போன்ல சொல்லாதீங்க. நேர்ல வந்து சொல்லுங்க.” எங்கள் வேனில் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு சாத்தும்போது மணி ஏழு முப்பத்தொன்பது.

குருவி வேனுக்கு அடியில் நுழைந்தார். கீழ்ப்பக்கம் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. ஃபில்டரைத் திருகிக் கழற்றும் சத்தம். அப்புறம், “அடப் பாவி மனுஷா.”

கையை வெளியே நீட்டினார். அவர் விரலில் இரண்டு ரப்பர் வளையங்கள் தொங்கின.

பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் வளையம் சூட்டில் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டிருக்கிறது. அண்ணன் அடியில் படுத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவிப் பார்த்து, அதை இன்ஜினின் விளிம்பு என்று நினைத்திருக்கிறார். தூசி இருக்கக் கூடாது என்று துணியால் பளபளவென்று துடைத்தும் வைத்திருக்கிறார். அதன் மேல் புது வளையம். சும்மா நிற்கும்போது தாங்கியது. மேடேறி அழுத்தம் கூடியதும் பிதுங்கி, எண்ணெய் மொத்தத்தையும் வெளியே துப்பிவிட்டது. கவலைப்படாத ஒருவர் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டார். ஆயிரம் கிலோமீட்டர் ஆகட்டும் என்று எங்களிடமே விட்டிருப்பார்.

புது ஃபில்டர் மாட்டி, எண்ணெய் ஊற்றினோம். ஸ்டார்ட் ஆகாதபடி இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் உள்ளே ஏறுவதற்காக மூன்று முறை சும்மா சுழற்றச் சொன்னார் குருவி. பிறகு இணைப்பைக் கொடுத்துவிட்டு, காதை இன்ஜின் பக்கம் வைத்துக்கொண்டு தலையசைத்தார்.

சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் என்று உலோகம் உலோகத்தைத் தட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். தட்டல் நின்றது. விளக்கு அணைந்தது.

“பத்து செகண்ட் கூட ஓடவிட்டிருந்தா கதை வேற,” என்றார் குருவி.

டயாலிசிஸ் பிரிவின் வெளியே நீளமான நடைபாதை, சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் நேரில் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“வண்டி நல்லா இருக்கு அண்ணே!” தூரத்திலிருந்தே கத்தினேன். ஒரு நர்ஸ் என்னை முறைத்தார். “அக்கா?”

“படுக்கை கிடைச்சிடுச்சு. முப்பத்தேழு நிமிஷம் லேட்டு. கெஞ்சிக் கூத்தாடி... மெஷின்ல போட்டிருக்காங்க. இப்போ மூச்சு வருது.” சுவரில் சாய்ந்தார். இரண்டு வளையங்களையும் அவரிடம் கொடுத்தேன். விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை நான் துடைச்சேன் சார்.”

“நானும் கேட்கலை அண்ணே.”

அன்று மாலை கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மனப்பாடம் என்று நினைத்திருந்த அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அடிக்கடி குறைந்த தூரம் ஓட்டுவோர், மெதுவாக ஓட்டுவோர், வண்டியை நிறுத்தி இன்ஜினை நெடுநேரம் ஓடவிடுவோர் பாதித் தூரத்திலேயே எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். நோயாளிகளுக்காக ஏசி ஓடவிட்டு நாற்பதில் ஊரும் ஒரு வேனைப் பற்றித்தான் அது எழுதப்பட்டிருந்தது. மறுநாள் அவருக்குப் போன் செய்து, பத்தாயிரம் இல்லை, ஐயாயிரம் என்றேன்.

“பயந்தது தப்பில்லைன்றீங்க,” என்றார்.

“தப்பில்லை அண்ணே. அடுத்த தடவை இங்கே வந்து பயப்படுங்க.”

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வேன் இப்போது முப்பத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஐயாயிரத்துக்கு ஒரு முறை எங்கள் பட்டறைக்கு வருகிறது. ஃபில்டரைக் கழற்றும்போது அண்ணன் பக்கத்தில் நின்று, வளையம் அதோடு வந்துவிட்டதா என்று கேட்டு, கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்கிறார். அக்கா உயிரோடு இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு அவரையும் மற்ற ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் அந்தப் பாலத்தின் மேல்தான் போகிறார்.