கதிரேசனும் கல்லாய்ப் போன பிரேக்கும்

என் வீட்டுக்காரர் கதிரேசனுக்கு இரண்டு விஷயம் வராது. மெதுவாகப் பேச வராது, தப்பை ஒத்துக்கொள்ள வராது. ஈப்போ புந்தோங்கில், பெங்கெல் என்று ஊரார் சொல்லும் எங்கள் கார் பட்டறையைத் தாண்டிப் பசியாறப் போகிறவர்கள் அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இன்னைக்கு யாருக்கு அர்ச்சனை?” என்று என்னிடம் விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான், அதற்குச் சம்பளம் கிடையாது.

ஆனால் பிரேக் என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள். பிரேக் வேலை பார்த்த எந்தக் காரையும் அவரே ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். கதிரேசன் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தப் பேர்தான் எங்கள் குடும்பத்துக்கு வினையாக வந்து முடிந்தது.

அவருடைய தம்பி தவநேசனை நாங்கள் நேசன் என்போம். ஜப்பான்காரன் செய்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருக்கிறான். இரண்டு பேர்தான் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கூட்டம் தே தாரிக் டீக்கடை வாசலில் கார்களை வரிசையாக நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் எஞ்சின் அழகு என்று நிற்கும். தம்பியின் எஞ்சின் மட்டும் கறுப்பாகக் கிடப்பதை இவரால் பொறுக்க முடியவில்லை. பெண்ணுக்கு வளையல் அடுக்குவதுபோலப் பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுச் சிவப்புச் சிலிக்கான் குழாய்களை மாட்டிக் கொடுத்தார். அவன் மேல் அவ்வளவு பிரியம்.

சீன வருடப்பிறப்பு விடுமுறையில் நேசன் தன் மனைவி யோகேஸ்வரியை, எங்கள் யோகாவை, கேமரன் மலைக்குக் கூட்டிப்போனான். திரும்பும்போது சிம்பாங் பூலாய் இறக்கத்தில் கார் மலைப்பக்கத்துக் கால்வாயில் மோதியது. வலப்பக்கம் பள்ளத்தாக்கு, இடப்பக்கம் மலை. அவன் மலைப்பக்கம் ஒடித்தான். அந்தப் பக்கம்தான் யோகா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

“பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணே. ஏறி நின்னு மிதிச்சேன், நிக்கல,” என்றான் நேசன், ஆஸ்பத்திரி நடைவழியில்.

“வாயை மூடு! நான் பாத்த பிரேக் டா அது!” என்று இவர் பளாரென்று அறைந்தார். “பறந்துட்டு வந்திருப்ப. பொண்டாட்டி காலை உடைச்சிட்டு என் வேலை மேல பழி போடுறியா?”

தள்ளுகட்டிலில் கிடந்த யோகா, அவள் அம்மா அப்பா எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். யோகா மாவுக்கட்டோடு தைப்பிங்கில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். “வேகமா வந்தேன்னு ஒத்துக்கட்டும்கா, மன்னிச்சிடுறேன். பொய் சொல்லிட்டே இருந்தா எப்படிக்கா சேர்ந்து வாழ்றது? இல்ல, பிரேக்குல கோளாறு இருந்துச்சுன்னு மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே வந்துடுறேன்.”

நான் இவரிடம் கெஞ்சினேன். “ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைங்களேன். வாய் தேய்ஞ்சா போயிடும்?”

“இல்லாத கோளாறை இருக்குன்னு சொல்லச் சொல்றியா? பிரேக்குல நான் பொய் சொல்ல மாட்டேன்.”

நொறுங்கிய காரைப் பட்டறைக்கு இழுத்துவந்து, நாள்கணக்கில் அதன் கீழேயே கிடந்தார். நிமிர்த்த வேண்டியதை நிமிர்த்தி, மாற்ற வேண்டியதை மாற்றி ஓட வைத்தார். மிதிக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புச் சட்டி இருக்கும், பூஸ்டர் என்பார்கள். அதற்குள் இருக்கும் காற்றை எஞ்சின் ஒரு குழாய் வழியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புதான் நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துகிறது. இழுப்பு நின்றால் மிதி இறுகிவிடும். இவர் எஞ்சினை அணைத்து மிதியை இறுகும்வரை மிதித்தார். காலை எடுக்காமல் எஞ்சினைக் கிளப்பினார். மிதி மெத்தென்று கீழே இறங்கியது. சட்டி நல்ல சட்டி. காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வை வாயில் வைத்து ஊதினார், அதுவும் நன்றாக இருந்தது. எங்கேயும் காற்றுக் கசியும் சத்தமில்லை.

“பாத்தியா? பொய்தான் சொல்லியிருக்கான்,” என்றார். குரல் மட்டும் வழக்கம்போல எழும்பவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெங்கெல் வாசல்ல நிழல்ல நிறுத்தி வச்சு மிதிச்சா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். அவன் மலையேறி, எஞ்சின் கொதிக்கக் கொதிக்க இறங்கி வந்தான். நீங்க ஒரு தடவை இறக்கிப் பாத்தீங்களா?”

அவர் சாவியை எடுத்தார். நான் போய் இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“இறங்குடி.”

“யோகா உக்காந்த இடம்தானே? பிரேக்குதான் நல்லா இருக்குன்னு சொல்றீங்களே, அப்புறம் என்ன பயம்?”

மலை மேலிருக்கும் கம்போங் ராஜா வரை வேண்டுமென்றே காரை வதைத்து ஏற்றினார். மேலே கோஸ் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து எஞ்சினைச் சூடேற்றினார். காலடியில் தகதகவென்று அனல். பிறகு திருப்பினார்.

இறக்கத்தின் முதல் வளைவுகளில் மிதித்தார், நின்றது. “ம்,” என்றார். அடுத்ததிலும் நின்றது. நானும்கூட, பாவி நேசன் பொய்தான் சொல்லியிருக்கிறான் போல என்று நினைத்தேன். அடுத்த வளைவு நெருங்கும்போது அவர் கால் மிதியில் இருந்தது, கார் மட்டும் கேட்கவில்லை. தொடை நரம்பு புடைக்க அழுத்துகிறார், கார் அது பாட்டுக்குப் போகிறது. எதிரே ஒரு எண்ணெய் டாங்கி லாரி ஏறி வந்துகொண்டிருந்தது.

“முருகா! மிதிங்க!”

“மிதிச்சிட்டுத்தான்டி இருக்கேன்!”

இரண்டு காலையும் மிதியில் ஊன்றி இருக்கையிலிருந்தே எழும்பிவிட்டார். கியரை அடித்துக் கீழே தள்ளினார், எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். லாரி ஹாரனோடு என் கண்ணை மறைத்துக் கடந்தது. கார் திணறித் திணறி, மூடிக்கிடந்த ஒரு காய்கறிக் கொட்டகையின் மண் மேட்டில் மூக்கை இடித்து நின்றது. இறங்கி ஓடினால் போதும் என்று எஞ்சினை அணைக்கச் சாவிக்குக் கை நீட்டினேன்.

“சாவியைத் தொடாத! எஞ்சின் ஓடட்டும்!”

ஓடிப்போய் மூடியைத் தூக்கினார். நானும் போய்ப் பார்த்தேன். எஞ்சினுக்கும் அந்தக் கறுப்புச் சட்டிக்கும் நடுவில் போகிற சிவப்புக் குழாய் நடுவில் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. பையில் கட்டிக் கொடுத்த தே ஆயிஸை, அதுதான் ஐஸ் டீயை, உறிஞ்சி முடித்ததும் பை ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. சூட்டில் இளகி, எஞ்சின் இழுத்த இழுப்பில் குழாயின் உள்வழியே அடைபட்டுவிட்டது. அவர் எஞ்சினை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானாக உருண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பழையபடி நின்றது. பட்டறையில் எத்தனை நாள் பார்த்தாலும் இது எப்படித் தெரியும்?

அவர் அதைத் தொட்டுக்கொண்டே நின்றார். “தண்ணி ஓட வேண்டிய குழாய் இது. உள்ளேர்ந்து தள்ளுனா தாங்கும். உறிஞ்சுனா தாங்காது. எனக்குத் தெரியும். எல்லாம் ஒரே சிவப்பா இருக்கணும்னு இங்கயும் இதையே மாட்டிட்டேன்.”

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது. என் புத்தி போன போக்கைப் பாருங்கள். “கறுப்புக் குழாயை மாட்டிடுங்க,” என்றேன். “பிரேக்குல கோளாறுன்னு மட்டும் யோகாகிட்ட சொல்லுங்க. பொய்யில்லையே? யாரு வச்ச கோளாறுன்னு எதுக்கு?”

காரைத் தூக்க லாரி வந்ததும், அதிலேயே ஈப்போ வந்து, எங்கள் வேனை எடுத்துக்கொண்டு நேரே தைப்பிங் போனோம். வழி நெடுக அவர் வாயைத் திறக்கவே இல்லை. அது எனக்கு மலையில் பட்ட பயத்தைவிடப் பெரிய பயமாக இருந்தது.

யோகா காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“பிரேக் பிடிக்கலம்மா,” என்றார் இவர், நின்றபடியே. “நேசன் சொன்னது நெசம். நான் மாட்டுன குழாய்தான் காரணம். உன் காலை உடைச்சது நான்தான்.”

யோகா நிமிர்ந்தாள். “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா, மாமா?”

“இல்ல.”

“அறைஞ்சது அவரைத்தானே? என் முன்னாடி அறைஞ்சீங்க. என் முன்னாடியே சொல்லுங்க.” தன் போனில் அவன் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, இவரிடம் நீட்டினாள்.

“யோகா?” என்றான் நேசன், நம்ப முடியாத குரலில்.

“நான்தான்டா.” எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்துகிற மனிதர் மெதுவாகப் பேசினார். “உன் மஞ்சக் காடியை மலையிலேர்ந்து இறக்கிப் பாத்தேன். அண்ணியும் கூட வந்தா. பாதி வழியில பிரேக்கு…”

அவர் முடிக்கவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது.

“ஐயோ, அண்ணே! உனக்கு அடி பட்டுச்சா? அண்ணிக்கு ஒண்ணும் ஆகலையே? எங்க இருக்கீங்க, நான் வர்றேன்!”

ஆஸ்பத்திரியில் இவர் தம்பியிடம் கேட்காத கேள்வி. இவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “நல்லா இருக்கோம்டா, நல்லா இருக்கோம்,” என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

யோகா குனிந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். “நாங்க எல்லாம் அம்மா வீட்டுலதான் இருக்கோம்ங்க,” என்றாள். “நீங்க மெதுவா வாங்க.”