அக்காவின் ஓட்டு

நோரீனுக்குத் தன் அக்கா தெல்மா மேல் இருந்த பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. கிரிம்ஸ்பியில் அவர்கள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பொரித்த மீனைப் பங்கு வைத்தபோதே தொடங்கிவிட்டது. பெரிய துண்டு பெரியவளுக்கு, வால் பக்கம் சின்னவளுக்கு. "அவ பெரியவ, பசி அதிகம்" என்பாள் அம்மா. பசிக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம் என்று நோரீன் கேட்கவில்லை. மனதில் போட்டு வைத்துக்கொண்டாள்.

பிறகு அரசாங்கமும் அம்மா வழியிலேயே பங்கு வைத்தது. தெல்மா 1950 பிப்ரவரியில் பிறந்தவள். அறுபது முடிந்ததும் பென்ஷன் வந்துவிட்டது. நோரீன் 1954 நவம்பர். நடுவில் சட்டத்தை மாற்றி, உனக்கு அறுபத்தாறில்தான் என்றார்கள். இத்தனைக்கும் இருவரும் ஒரே மீன் தொழிற்சாலையில், ஒரே மேஜையில் நின்று கை மரத்தவர்கள். தெல்மா ரப்பர் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, பிள்ளையா குட்டியா என்று ஸ்பெயினில் கடலோரமாக ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். நோரீன் அதே மேஜையில் நின்றாள்.

வாரத்துக்கு ஒரு போட்டோ வரும். முன்னால் தெல்மாவின் சாயம் பூசிய கால்விரல்கள், பின்னால் நீலக் கடல். "கடல் இங்கயும்தான் கெடக்கு" என்று போனைக் கவிழ்த்து வைப்பாள் நோரீன். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஐரோப்பாவோடு இருப்பதா, பிரிவதா என்று நாட்டையே ஓட்டுப் போடச் சொன்ன வருஷம் தெல்மா கூப்பிட்டாள்.

"எனக்குப் பதிலா நீதான் ஓட்டுப் போடணும் நோரீன். பாரத்துல உன் பேரக் குடுத்துட்டேன். இருக்கணும்னு போடு. பிரிஞ்சாங்கன்னா இங்க என் பாடு திண்டாட்டம். மறந்துடாதடி."

"நான் எத மறந்திருக்கேன்?" என்றாள் நோரீன்.

லீட்ஸில் வேலை பார்க்கும் மகள் கிர்ஸ்டியும் சத்தியம் வாங்கினாள். "இருக்கணும்னே போடும்மா. உங்க வயசுக்காரங்கதான் பிரியணும்னு குதிக்கிறாங்க. நாங்க உழைச்சு உங்களுக்குப் பென்ஷன் குடுக்கணுமாம், நீங்க எங்களுக்குக் கதவச் சாத்துவீங்களாம்."

"எனக்கு எவன்டி பென்ஷன் குடுத்தான்?" என்று சீறினாள் நோரீன். ஓட்டென்றால் கிழவி, பென்ஷனென்றால் குமரி. இது எந்த ஊர் நியாயம்?

வாக்குச்சாவடி சர்ச் ஹாலில் இருந்தது. தடுப்புக்குள் கயிற்றில் கட்டிய பென்சில். அவள் கையில் இரண்டு சீட்டுகள், ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. தன் சீட்டில், மகளுக்குச் சொன்னபடியே, இருக்கணும் என்று போட்டாள். அக்காவின் சீட்டை எடுத்தபோது காலையில் வந்த போட்டோ ஞாபகம் வந்தது. அதில் ஒரு தட்டு நிறையப் பொரித்த மீன். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு, பிரியணும் என்ற கட்டத்தில் அழுத்திப் பெருக்கல் குறி போட்டாள். ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது? ஆனாலும் வீட்டுக்குப் போய் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

பிரிவதென்றே முடிவாயிற்று. பவுண்டின் மதிப்பு விழுந்தது. தெல்மாவின் பென்ஷன் பவுண்டில், வாடகை யூரோவில். போதாததற்கு, இனி அங்கே வைத்தியம் கிடைக்குமா, பென்ஷன் ஏறுமா என்று ஆளுக்கொரு பேச்சு. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு இரண்டு பெட்டிகளோடு நோரீனின் வாசலில் வந்து நின்றாள்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. ஸ்பெயினில் இருந்த பொறாமை இப்போது கிர்ஸ்டியின் அறையில் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தது. விடியும் முன்னே நோரீன் காசு கொடுத்து பஸ் ஏறுவாள். பத்து மணிக்கு எழுந்து தெல்மா பென்ஷன்காரர்களுக்கான இலவசப் பாஸில் கடைத்தெரு சுற்றி வருவாள். குளிருக்கு வீட்டைச் சூடாக்க வயசானவர்களுக்கு அரசு தரும் பணமும் தெல்மா பேருக்கே வந்தது. அதில் ஒரு ஹீட்டர் வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிர்ஸ்டி போனில் மறுபடி ஆரம்பித்தாள். "எல்லாம் உங்க வயசுக்காரங்க செஞ்ச வேலை, பெரியம்மா."

"என்னச் சேக்காதடி. நான் இருக்கணும்னுதான் போட்டேன். உங்கம்மாவக் கேளு" என்றாள் தெல்மா.

பக்கத்தில் நோரீன் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். தெல்மா போனை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நோரீனும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள்.

"நான் பிரியணும்னு போட்டேன். உன் சீட்டுல."

தெல்மா கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சிரித்தாள். "உன் ஒரு ஓட்டாலயா நான் வந்து நிக்கிறேன்? அதுலயும் பெரிய ஆளாகணும் உனக்கு." பிறகு கேட்டாள், "உன் சீட்டுல என்ன போட்ட?"

"இருக்கணும்னு."

தெல்மாவின் சிரிப்பு நின்றது.

"அப்ப எது நல்லதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எனக்கு மத்ததப் போட்டிருக்க."

"காலம் பூரா பெரிய துண்டு உனக்கேதான வந்துச்சு?"

"வந்துச்சு. நான் கேட்டா வாங்கினேன்? அம்மா பழக்கத்துல வச்சா. கவர்மெண்டு பொறந்த தேதியப் பாத்துச்சு. நீ மட்டுந்தான் என்னைய நெனச்சுப் போட்டிருக்கடி நோரீன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நோரீன் ஓரடி உள்ளே வைத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அந்த நேரத்திலும், இந்த அறை மட்டும் எவ்வளவு கதகதப்பாக இருக்கிறது என்பதுதான் முதலில் அவளுக்கு உறைத்தது.