ப்ரஸ் மெஷினின் மூன்றாவது கை

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து மூன்று ரமலான் போய்விட்டது. நோன்பு திறந்தபின் நோட்டை எடுத்து வைப்பேன். மேலே பிஸ்மில்லாஹ் என்று எழுதுவேன். அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. எட்டாவது வரை படித்தவனுக்கு எழுத்து எங்கே வரும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. பயம்தான் காரணம். எழுத உட்காரும்போதெல்லாம், என் மெஷினுக்கு முன்னால் குனிந்து நின்று, நாக்கை லேசாகக் கடித்தபடி பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்த அந்தக் கல்லூரிப் பெண்தான் கண்ணில் நிற்பாள்.

ஓசூருக்கு வெளியே, தொழிற்பேட்டையின் கடைசியில், வண்டிகளுக்கு பிராக்கெட் அடித்துக்கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. மூன்றாம் நம்பர் ப்ரஸ் பதினாறு வருஷமாக என் கையில் இருக்கிறது. மேலிருந்து அச்சு இறங்கி, கீழே வைத்த தகட்டை ஒரே அடியில் வளைக்கும். இடப்பக்கம் ஒரு பச்சைப் பட்டன், வலப்பக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை இருக்காது அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் கழிவுத் தகட்டில் விரல் நீளத்துக்கு வெட்டி, வளைத்து, பட்டன் நிறத்திலேயே பச்சை டேப் சுற்றி, இடது பட்டனுக்கு மேல் செருகிவிடுவோம். அது பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கும். அப்புறம் இடது கையால் தகடு வைக்கலாம், வலது கையால் அழுத்தலாம். அதற்கு ‘மூணாவது கை’ என்று பெயர் வைத்திருந்தோம். ஆடிட்டுக்கு ஆள் வந்தால் அவரவர் சட்டைப்பைக்குள் போய்விடும். அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பி வந்துவிடும். ஒரு ஆயுத பூஜையன்று பக்கத்து மெஷின்காரர் என்னுடைய தகட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். “நம்ம ரெண்டு கைக்காவது டீ டைம்ல ரெஸ்டு உண்டு பாய். இதுக்கு அதுவும் இல்ல, பாவம். பெரிய பொட்டா வெச்சிருக்கேன்” என்றார். பொரியை வாயில் போட்டுக்கொண்டு நானும் சிரித்தேன்.

அந்தப் பெண் தளிப் பக்கம் ரோஜா பயிரிடும் குடும்பம். உற்பத்தித் தொழில்நுட்பம் கடைசி வருஷம். அறுபது நாள் இன்டர்ன்ஷிப் முடித்து, ரிப்போர்ட் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கிப் போனால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். மூன்றாம் நாளே கேட்டாள்: “பாய், இந்தப் பக்கத்துப் பட்டன் ஏன் மூச்சே விடல?”

“அதுக்கு ஜலதோஷம்மா” என்றேன்.

“ஹவ்தா, அப்படியா? எல்லா மெஷினுக்கும் ஒரே நாள்ல பிடிச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டு நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். அந்தப் பென்சில் சத்தம் ப்ரஸ் சத்தத்தை மீறி எனக்குக் கேட்டது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நான் போகும் ஒரு மணி நேரம், உருப்படிகளைச் சரிபார்க்கும் மேஜையில் இருக்கும் உத்தனப்பள்ளி அக்கா என் மெஷினைப் பார்த்துக்கொள்வார். மேஜை வேலை என்பதால் அவருக்கு மூணாவது கை தெரியாது. அவரிடம் கொடுக்கும்போது மட்டும் நான் அந்த மூணாவது கைத் தகட்டைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொள்வேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. என் கைக்கு நான் பொறுப்பு, பிறத்தியார் கைக்கு அல்லாவிடம் யார் பதில் சொல்வது என்ற பயம். இதையும் அந்தப் பெண் கவனித்திருக்கிறாள்.

ஐம்பத்தெட்டாம் நாள் ரிப்போர்ட்டைக் கொண்டுபோனபோது, சூப்பர்வைசர் ஒரு பக்கத்தை மடக்கித் திருப்பிக் கொடுத்தார். “இதை எடுத்துட்டு வாம்மா, கையெழுத்து போடறேன். எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க. நீ போயிருவ, நான் எங்க போவேன்?” என்றாராம். சாப்பாட்டு நேரத்தில் அவள் என்னிடம் வந்து அந்தப் பக்கத்தைத் தமிழில் படித்துச் சொன்னாள். மூன்றாம் நம்பர் மெஷினின் படம், தகட்டின் படம். கடைசியில் ஒரு வரி: ‘மெஷினை வேறொருவரிடம் கொடுக்கும்போது இயக்குபவர் தகட்டை எடுத்துவிடுகிறார். ஆகவே இதன் ஆபத்து அவருக்குத் தெரியும்.’

“நீங்க சொல்லுங்க பாய். இருக்கட்டுமா, எடுத்துடட்டுமா?”

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். அந்த வரி சூப்பர்வைசரைச் சுட்டதோ இல்லையோ, என்னைச் சுட்டது. “எடுத்துரும்மா. உன் படிப்பைப் பாரு. அல்லா பாத்துப்பான்” என்றேன். என் கோழைத்தனத்துக்கு நான் இழுத்தது அவன் பெயரை. அதற்குத்தான் இன்றுவரை தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பக்கத்தை எடுத்தாள். அந்த இடத்தில் ‘பாதுகாப்பு ஏற்பாடுகள் முறையாக உள்ளன’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதினாள். சீல் விழுந்தது. கிளம்பும்போது எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். என்னிடம் மட்டும் முகம் பார்க்காமல் கொடுத்தாள்.

அவள் போன நான்காவது வெள்ளிக்கிழமை. சானமாவு ரோட்டில் யானைகள் கடக்கின்றன என்று பஸ்ஸை நிறுத்திவிட, உத்தனப்பள்ளி அக்கா மூச்சிரைக்க லேட்டாக வந்தார். “யானைகூட வழி விட்டுருச்சு பாய், இந்த சூப்பர்வைசர்தான் விட மாட்டேங்கறாரு” என்று சிரித்தார். அன்று லாரி வாசலில் நின்றது. நான் தொழுகைக்குக் கிளம்பி, தகட்டைப் பிடுங்கக் கை வைத்தேன். “இருக்கட்டும் பாய். இன்னிக்கி ஒருநாள் அப்படியே ஓடட்டும், நம்பர் போதல” என்றார் சூப்பர்வைசர். தகட்டிலிருந்து கையை எடுத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

பள்ளிவாசலில் அன்று ஸுஜூதில் நெற்றி தரையில் பட்டபோது, ப்ரஸ் அடிக்குத் தரை அதிரவில்லையே என்று தோன்றியது. கம்பெனி அங்கிருந்து தூரம், என்றைக்கும் அதிர்ந்ததில்லை. ஆனாலும் அந்த அமைதி என்னை எழுப்பி ஓடவைத்தது. திரும்பி வந்தபோது எல்லா மெஷினும் நின்றிருந்தன. யாரோ ரத்தத்தின் மேல் மரத்தூளைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “உள்ள வெச்ச பீஸ் கோணையா இருக்குன்னு திருப்பினேன் பாய். வலது கை சும்மா பட்டன்மேலதான் இருந்துச்சு. ரெண்டும் அழுத்துனாதான இறங்கும்? எத்தன வெள்ளிக்கிழம ஓட்டியிருக்கேன்? எப்படி இறங்குச்சு?” மற்ற வெள்ளிக்கிழமைகளில் நான் தகட்டை எடுத்துவைத்த ஜாக்கிரதைதான் அந்த மெஷினை நம்ப அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஒரு கையால் அவரால் திறக்க முடியவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, கம்பெனி அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தது. வெளியாள், படித்த பிள்ளை, அறுபது நாள் பார்த்துவிட்டு எல்லாம் முறையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள், சீலும் இருக்கிறது. “சரியாத்தான் இருந்துச்சா?” என்று அதிகாரி என்னைக் கேட்டார். “சரியாத்தான் இருந்துச்சு சார்” என்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது.

எப்படியோ செய்தி அந்தப் பெண்ணுக்குப் போய், எனக்குப் போன் செய்தாள். “அந்தப் பக்கம் என் போன்ல இருக்கு பாய். நான் வந்து குடுக்கறேன். பொய் ரிப்போர்ட்டுன்னு என் சர்டிபிகேட்ட எடுத்துக்கட்டும், பரவால்ல. ஆனா நான் மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க ஒருவாட்டி ஆமான்னு சொல்லுங்க, போதும்.”

“விட்டுரும்மா” என்றேன்.

“சரிங்க பாய்” என்றாள். அதற்கப்புறம் அவள் குரலை நான் கேட்கவில்லை.

அக்காவைச் சில சமயம் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறேன். முந்தானையில் கையைச் சுற்றியபடி, “நல்லா இருக்கீங்களா பாய்?” என்று இப்போதும் கேட்கிறார். மூன்றாம் நம்பர் ப்ரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாள் எல்லோரும் இரண்டு கையால் ஓட்டினோம். இப்போது ஒவ்வொரு மெஷினாகத் தகடுகள் மறுபடி வந்துவிட்டன. வரும் திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து நான்கு பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். “சீனியர் நீங்கதான் பாய், சேஃப்டி பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருங்க” என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்த வாரம் நோட்டில் வரி வந்தது. திங்கட்கிழமை அவர்களுக்கு நான் சொல்லப்போவதும் இதைத்தான். சொன்னபின் எனக்கு அங்கே வேலை இருக்குமா, தெரியவில்லை.

படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ப்ரஸ்ஸில் நிற்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் எடுத்துவிடாதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள். முக்கியமாக, பாவம், பாய்க்கு இப்படி ஆகும் என்று தெரியாது என்று என்மேல் இரக்கப்பட்டு மாற்றிவிடாதீர்கள். எனக்குத் தெரியும்.